நடவுக்கு வந்தவர்களும் கப்பல் ஏறிப் போனவர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள். இதில் என் தவறு ஒன்றையும் சொல்லப் போகிறேன்.

சென்ற வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. மணல்மேடு பக்கம் ஏதோ ஒரு வயல். குறுவை நடவு. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வரிசையாகக் குனிந்து நடுகிறார்கள். படத்துக்குக் கீழே, "பங்களாதேஷ்காரன் நம்ம வயலுக்கே வந்துட்டான். இனிமே நமக்கு என்ன இருக்கு?" என்று எழுதியிருந்தது. கட்டை விரலை உயர்த்தி ஆமாம் போட்டவர்கள் ஏராளம். அனுப்பியவன் என் தம்பி மகன். பத்து வருஷமாக துபாயில் வேலை பார்க்கிறான்.

போன் போட்டேன். "ஏம்ப்பா, துபாய்ல உன்னைப் பத்தி இப்படி ஒருத்தன் எழுதினா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "பெரியப்பா, நான் விசா வாங்கிட்டு வந்திருக்கேன்ல?" என்றான். நியாயமான பதில்தான். ஆனால் படத்தில் இருப்பவர்களுக்கு விசாவே தேவையில்லையே! அந்த வயலுக்குச் சொந்தக்காரர் எனக்குத் தெரிந்தவர். அவர்கள் மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத், மால்டா மாவட்டத்துக்காரர்கள். உன்னையும் என்னையும் போல இந்தியர்கள். வங்காள மொழி பேசினாலே வங்கதேசம் என்று முடிவு கட்டினால், தமிழ் பேசுகிறவன் எல்லாம் இலங்கைக்காரன் என்று டெல்லியில் ஒருவன் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா?

போனில் பேசியது அதோடு முடிந்துவிட்டது. எனக்கு மனசு முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

*வயலில் இப்போது நடப்பது*

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் டெல்டாவில் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை. அப்புறம் சம்பா, தாளடி. நாற்றின் வயது தாண்டுவதற்குள் நட்டாக வேண்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வருகிறது, அதனால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். அந்த வாரம் போனால் விளைச்சல் போச்சு. பருவ வேலைக்கு வெளி ஆள் தேடுவது எந்த நாட்டிலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பயிர் காத்திருக்காது.

முன்பு நடவு என்றால் பெண்கள் வேலை. ஆண்கள் நாற்றுப் பறித்து முடி கட்டிப் போட, பெண்கள் குலவையிட்டு நடவு தொடங்குவார்கள். இப்போது சில ஆண்டுகளாக வங்காளத்து ஆண்கள் குழுக் குழுவாக வருகிறார்கள். பறிப்பும் நடவும் சேர்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட். எனக்கு இருப்பது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். காலையில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிறார்கள். கயிறு பிடித்து நட்டால் வரிசை, என் நாற்பது பக்க நோட்டில் போட்ட கோடு மாதிரி இருக்கிறது.

அவர்கள் நெல்லுக்குப் புதியவர்கள் இல்லை. நமக்குக் குறுவை, சம்பா, தாளடி என்றால் அவர்களுக்கு ஆவுஷ், ஆமன், போரோ. நாம் காவிரிப் பிள்ளைகள், அவர்கள் கங்கைப் பிள்ளைகள். அங்கே நிலம் துண்டு துண்டு, கூலி இங்கே கிடைப்பதைவிடக் குறைவு. தங்கள் ஊர் வேலை ஓய்ந்த இடைவெளியில் ஹௌராப் பக்கம் ரயில் ஏறி சென்னை வந்து, அங்கிருந்து நம்மூருக்கு வருகிறார்கள். மோட்டார் கொட்டகையிலும் களத்துக் கொட்டகையிலும் தங்கி, உருளைக்கிழங்கும் சோறும் பொங்கித் தின்று, ஒரு மாதமோ இரண்டு மாதமோ இருந்துவிட்டுப் போகிறார்கள்.

நம் ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். டீக்கடையில் ஒரே பதில்தான்: "நூறு நாள் வேலை கெடுத்துடுச்சு சார்." நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. நம் ஆட்கள் எங்கே போனார்கள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? இந்தப் பதிவைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவர்கள்தானே! உங்கள் அம்மாக்கள் கணுக்கால் சேற்றில் நின்று உங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இன்று நீங்கள் திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில், நர்சாக, டிரைவராக, வாத்தியாராக இருக்கிறீர்கள். நீங்கள் வயலுக்குத் திரும்பவில்லை என்று நான் வருத்தப்பட்டால், 36 வருஷம் நான் பாடம் நடத்தியதற்கு என்ன அர்த்தம்?

*காபி பறிக்க நடந்தவர்கள்*

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம்.

1830-களில் இலங்கையின் கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் காபித் தோட்டம் போட்டார்கள். காபிப் பழம் பறிக்கச் சில மாதங்களுக்கு மட்டும் நிறைய ஆள் வேண்டும். அந்த ஊர்ச் சிங்கள விவசாயிகள் தங்கள் நிலத்தை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. அதனால் கடலுக்கு இந்தப் பக்கம் ஆள் தேடினார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சனங்கள் கிளம்பினார்கள். இங்கே வேலை ஓய்ந்த காலம், அங்கே பறிப்புக் காலம். பறித்து முடித்ததும் கிடைத்த காசை முடிந்துகொண்டு ஊர் திரும்புவார்கள். இன்று வங்காளத்துக்காரர் செய்வது போலவே பருவத்துக்குப் போய்ப் பருவத்துக்கு வந்தவர்கள் அவர்கள்.

போக ரயில் இல்லை. ராமேசுவரம் கரை வரை நடை. தோணியில் மன்னார்ப் பக்கம். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று மறுபடி நடை. காலராவும் காய்ச்சலும் பட்டினியுமாக அந்த வழியில் விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். தோட்டத்தில் எத்தனை மூட்டை காபி இறங்கியது என்பதற்குக் கணக்கு வைத்திருந்தார்கள். வழியில் விழுந்தவர் இன்னார் என்று எழுதி வைக்க யாரும் இல்லை.

ஆளைக் கூட்டிப் போனவர் பெயர் கங்காணி. அநேகமாக அதே ஊர்க்காரர், உறவுக்காரர். முன்பணம் கொடுப்பார். வழிச்செலவும் அதில் ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. கடன் தீராத ஆளை வேறு தோட்டம் எடுக்க வேண்டுமென்றால், கடன் தொகையை எழுதிக் கொடுக்கும் 'துண்டு' என்றொரு சீட்டு. அந்தக் கடனைக் கட்டினால் ஆள் கைமாறுவார். மாட்டுச் சந்தை போலத்தான். இந்தத் துண்டு முறையை 1921-ல்தான் ஒழித்தார்கள்.

1869-ல் இலங்கைக் காபியில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காபி அழிந்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். அதனால் முதலாளிக்குக் குடும்பத்தோடு தங்கும் ஆள் வேண்டியதாயிற்று. பருவத்துக்குப் போனவர்கள் லயன் வீடுகளில் தங்கிவிட்டார்கள். பிள்ளை பிறந்தது, பேரன் பிறந்தான். மூன்று தலைமுறை தாண்டி, 1948-ல் சுதந்திர இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் குடிமக்கள் இல்லாமல் நின்றார்கள். நூறு வருஷம் உழைத்த பிறகும் 'தற்காலிகம்' என்ற சொல் அவர்கள் முதுகை விட்டு இறங்கவில்லை.

1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. 1974-ல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

இது எனக்குப் புத்தகத்தில் படித்த வரலாறு மட்டும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980-களின் தொடக்கத்தில், என் வகுப்பில் ஒரு பையன் சேர்ந்தான். மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். மற்ற பிள்ளைகள் அவனை 'சிலோன்' என்றே கூப்பிட்டார்கள். ஒருநாள் அவன் அழுதுகொண்டே, "அங்கே எங்களை இந்தியாக்காரன்னு சொன்னாங்க சார், இங்கே சிலோன்காரன்னு சொல்றாங்க" என்றான். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். ஆசிரியர் பயிற்சியில் இதற்கு எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. மறுநாளிலிருந்து வகுப்பில் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கட்டளை போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

*நாகப்பட்டினத்துக் கப்பல்*

நம் தஞ்சை ஜில்லாவுக்கு நெருக்கமான வாசல் நாகப்பட்டினம். அங்கிருந்து பினாங்குக்குக் கப்பல். முதலில் கரும்புத் தோட்டம், காபித் தோட்டம், பிறகு ரப்பர். மலேயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது. அதற்கு முன்பே, 1907-ல், தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கி ஒரு குடியேற்ற நிதி ஏற்படுத்தி, அதிலிருந்து ஆட்களுக்கு இலவசக் கப்பல் பயணம் கொடுத்தார்கள். கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். நாகப்பட்டினத்திலும் சென்னைப் பக்கம் ஆவடியிலும் டிப்போக்கள் இருந்தன. அங்கே தங்கவைத்து, பரிசோதித்து, கப்பல் ஏற்றுவார்கள்.

ரப்பர் விலை ஏறினால் ஆள் ஏற்றினார்கள். விலை விழுந்தால் இறக்கினார்கள். 1930-க்குப் பிறகு உலக மந்தம் வந்தபோது பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். மந்தம் தணிந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். 1938-ல் கூலிப் பிரச்சினையில் இந்திய அரசாங்கமே அந்த ஆள் அனுப்புதலைத் தடை செய்தது.

அந்தத் தடைக்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் ஏறியவர்களில் எங்கள் தாத்தாவின் அண்ணனும் ஒருவர். வீட்டில் அவரை 'மலேயா தாத்தா' என்பார்கள். 'ராஜுலா' கப்பலில் போனதாக எங்கள் பாட்டி சொல்வார். மூன்று வருஷத்தில் திரும்பி வந்து நாலு மா நிலம் வாங்குவதாகப் பேச்சு. இரண்டு கடிதம் வந்தது. பிறகு ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது.

1942, 43-ல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்கு மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாகக் கொண்டு போனார்கள். "கொஞ்ச நாள் வேலைதான்" என்று சொல்லித்தான் ரயில் ஏற்றினார்கள். அங்கே இறந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வரிசை வரிசையாகக் கல். பெரும்பாலான கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு இறந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. ஏனென்றால் ராணுவத்தில் பெயர்ப் பட்டியல் இருந்தது. கூலி ஆளுக்குத் தலை எண்ணிக்கை மட்டும்தான்.

மலேயா தாத்தா அந்த ரயிலுக்குப் போனாரா, தோட்டத்திலேயே காய்ச்சலில் போனாரா? எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்குத் துலாக்கட்டத்தில் அவருக்கும் சேர்த்துத்தான் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். திதி தெரியாதவர்களுக்கு அமாவாசைதானே.

*வெளியூர் ஆள் என்ற ஆயுதம்*

இதுவரை சொன்னதைக் கேட்டு, வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பாவம், அவர்களைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று முடித்துவிடாதீர்கள். இன்னொரு பக்கம் இருக்கிறது. அது நம் மண்ணிலேயே நடந்தது.

நம் கிழக்குத் தஞ்சையில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்று உங்கள் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் கூலித் தகராறு ஓயவில்லை. அறுவடைக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டால், உள்ளூர் ஆளை நிறுத்திவிட்டு வெளியூர் ஆளை வயலில் இறக்குவார்கள். வெளியூரிலிருந்து வந்தவரும் ஏழைதான், பசிக்குத்தான் வந்தார். ஆனால் அவரைக் கொண்டுவந்த நோக்கம் உள்ளூர் ஆளின் வாயை அடைக்க. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்களே, அதற்குப் பின்னால் இருந்த தகராறுகளில் இந்த வெளியூர் ஆள் விவகாரமும் ஒன்று. எனக்கு அப்போது பத்து வயது. பெரியவர்கள் திண்ணையில் தாழ்ந்த குரலில் பேசியதும், நாங்கள் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்தியதும் இன்னும் நினைவில் இருக்கிறது. அதன் பிறகு கணபதியா பிள்ளை கமிஷன் அமைத்தார்கள். 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

போன வருஷம் என் வயலில் வங்காளத்து ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தபோது, வரப்பில் ஓர் அம்மா வந்து நின்றார். என் பழைய மாணவி ஒருத்தியின் தாயார். எத்தனையோ வருஷம் என் வயலில் நட்டவர். "என்ன சார், நீங்களுமா?" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, சத்தம் போடவில்லை.

"ஆள் கெடைக்கல அம்மா" என்றேன். "எங்களை நீங்க கூப்பிடவே இல்லையே சார். இன்னும் எட்டுப் பேர் இருக்கோம்" என்றார். உண்மைதான். புரோக்கர் போனில் கூப்பிட்டான், எனக்கும் சுலபமாக இருந்தது, சரி என்றுவிட்டேன். அவரைக் கேட்டேனா? கேட்கவில்லை.

ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பாதி நிஜம், பாதி சௌகரியம். அந்த அம்மாவுக்கு வங்காளத்துப் பையன்கள் மேல் கோபமில்லை. "பாவம், எந்த ஊர்ப் புள்ளைங்களோ, வெயில்ல கெடக்குதுங்க" என்று அவரே சொன்னார். கோபம் என் மேல்தான்.

*மற்ற நாடுகளில்*

நம்மூர்க் கதை மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் போர்க்காலத்தில் வயலுக்கு ஆளில்லை என்று 1942-ல் மெக்சிகோவிலிருந்து பருவக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். 'பிராசெரோ' திட்டம் என்று பெயர். 1964 வரை நடந்தது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள். தொடக்க ஆண்டுகளில் கூலியில் பத்தில் ஒரு பங்கைச் சேமிப்பு என்று பிடித்தார்கள். ஊர் திரும்பிய பலருக்கு அந்தப் பணம் போய்ச் சேரவே இல்லை.

மேற்கு ஜெர்மனி 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டு வருஷம் வேலை, பிறகு ஊர் திரும்ப வேண்டும் என்று முதலில் விதி. வேலை பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது நஷ்டம் என்று முதலாளிகளே முறையிட, 1964-ல் அந்த விதி போயிற்று. 1973-ல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். வந்தவர்களில் பலர் திரும்பவில்லை; மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். காபிக்குப் போனவர்கள் தேயிலையில் தங்கிய அதே கதை. கூப்பிடும்போது கை மட்டும் வேண்டும் என்று கூப்பிடுகிறோம். கை தனியாக வருமா? அதோடு வயிறு வரும், மனசு வரும், குடும்பம் வரும்.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைப் பேசினேன். 2020-ல் கொரோனாவில் தொழிலாளர் விடுதிகளைப் பூட்டி வைத்திருந்தார்களே, அதில் அவனும் இருந்தான். "சார், எங்க ரூம்ல எனக்கு மேல் கட்டில் பங்களாதேஷ்காரர். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்" என்றான். நம் வாட்ஸ்அப் குழு வைகிற அதே பங்களாதேஷ்காரர்.

*என் தவறு*

போன வருஷம் அதே நடவில், இரண்டாம் நாள் மதியம், நாற்றங்காலில் பறித்துக்கொண்டிருந்த பையனைப் பாம்பு கடித்துவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது வயது இருக்கும். என் மோட்டார் சைக்கிளில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, மருத்துவமனைக்குக் கொண்டு போனோம்.

சீட்டு போடும் இடத்தில் கேட்டார்கள்: "பேர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. இரண்டு நாளாக என் வயலில் நிற்கிற பையன். காலையில் டீ கொடுத்தவன் நான். "டேய் பெங்காலி, இந்தப் பக்கம் வா" என்று கூப்பிட்டவனும் நான்தான். 36 வருஷம் தினம் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன். 'சிலோன்' என்று கூப்பிடாதே என்று வகுப்பில் கட்டளை போட்டவன். பின்னால் பிடித்துக்கொண்டு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வங்காளம் தெரியாது. புரோக்கர் போனை எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பையனே வாய் குழறிச் சொன்னான். அதையும் தப்பாக எழுதினார்கள்.

ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டான். நான்கு நாளில் எழுந்து உட்கார்ந்தான். பிழைக்காமல் போயிருந்தால் எந்த ஊருக்கு, யாருக்குச் செய்தி சொல்லியிருப்பேன்? மலேயா தாத்தாவுக்குத் திதி தெரியவில்லை என்று நாங்கள் எண்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, வங்காளத்தில் ஒரு வீட்டில் அதே நிலைமையை நான் உண்டாக்கியிருப்பேன்.

2023 ஜூன் 2 நினைவிருக்கிறதா? ஒடிசாவில் பாலசோர் பக்கம் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். வங்காளத்திலிருந்து தெற்கே கூலி வேலைக்கு வந்தவர்கள் அதில் நிறைய. முன்பதிவில்லாப் பெட்டியில் வருகிறவருக்குப் பயணிகள் பட்டியலில் பெயர் இருக்காது. யாரும் உரிமை கோராத 28 உடல்களை நான்கு மாதம் வைத்திருந்து, அக்டோபரில் புவனேசுவரத்தில் எரித்தார்கள். அன்று தொலைக்காட்சியில் பார்த்து 'ஐயோ' என்றேன். அடுத்து வந்த நடவுகளில் என் வயலில் நின்றவர்கள் பெயரைக் கேட்கவில்லை.

*இந்த வருஷம்*

எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது பிள்ளைகளே. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்காக 1979-ல் வந்த சட்டம், படம் ஒட்டிய கைப்புத்தகம் ஒன்றை ஒப்பந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் கொடுக்க வேண்டும் என்றது. நம் வரப்பில் அப்படி ஒரு புத்தகத்தை நான் பார்த்ததில்லை. அதிகாரி வந்து செய்யட்டும் என்று காத்திருந்தால் குறுவை முடிந்துவிடும்.

அதனால் இந்த வருஷம் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். எட்டுப் பேரும் வருகிறோம் என்றார்கள். ஒரு ஏக்கர் அவர்கள் நட்டார்கள். அடுத்த ஏக்கருக்கு அந்த வாரம் அவர்களுக்கு வேறு வேலை இருந்ததால் வங்காளத்துக் குழுவைக் கூப்பிட்டேன். ஏக்கருக்கு இரண்டு தரப்புக்கும் ஒரே கூலி. புரோக்கரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், களத்தில் உட்கார்ந்து எல்லார் முன்னாலும் எண்ணிக் கொடுத்தேன். புரோக்கருக்கு முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

நடவுக்கு இறங்குவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். பெயர், அப்பா பெயர், ஊர், வீட்டு போன் நம்பர். ஒருவர் கொஞ்சம் இந்தி கலந்து பேச, என் பேத்தி போனில் மொழிபெயர்க்க, அரை மணி நேரத்தில் பதினோரு பேரையும் எழுதியாயிற்று. முதலில் பயந்தார்கள். பெயர் கேட்டாலே போலீஸ் என்ற பயம். நான் என் பெயரையும் நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவரிடமும் கொடுத்த பிறகுதான் முகம் தெளிந்தது. பாம்பு கடித்த பையனும் இந்த வருஷம் வந்திருக்கிறான். அவன் பெயர் என் நோட்டில் இருக்கிறது. இங்கே எழுதவில்லை, அவனைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் சொல்வது முறையில்லை.

என் தம்பி மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். படத்தை நீக்கிவிட்டான். "சாரி பெரியப்பா" என்றான். ஆனால் அதற்குள் அது இன்னும் எத்தனை குழுவுக்குப் போயிருக்குமோ. 2023-ல் வட மாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போகும் அளவுக்கு ஆனது மறந்துவிட்டதா? ஒரு வரியை அனுப்ப ஒரு நொடி போதும். திரும்ப எடுக்க முடியாது.

உங்களிடம் ஒரு வேலை கொடுக்கிறேன், வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் வைத்திருப்பவர்கள், கடை, ஓட்டல், கட்டட வேலை நடத்துகிறவர்கள், உங்களிடம் வேலை செய்யும் வெளியூர் ஆட்களின் பெயரையும் ஊரையும் வீட்டு நம்பரையும் இந்த வாரத்துக்குள் எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள், உங்கள் அறையில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் ஊர்ப் பெயரையும் வீட்டு நம்பரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதை அவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலும் சிலோனுக்கோ மலேயாவுக்கோ பர்மாவுக்கோ போய்த் திரும்பாத ஒருவர் இருப்பார். பாட்டி உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய் அவர் பெயரைக் கேளுங்கள். கேட்டுக் கீழே எழுதுங்கள். நான் முதலில் எழுதுகிறேன்: எங்கள் மலேயா தாத்தாவின் பெயர் வைத்தியலிங்கம். இதை எழுதுவதற்காக என் அத்தையைக் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
மயிலாடுதுறை